பி.எச். கணக்கும் கோபன்ஹேகன் நகரமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் வேதியியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "சார், அரை மணி நேரம் பேசுங்க, தலைப்பு உங்க விருப்பம்" என்றார். "அமில-கார சமநிலை" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப சாப்பாட்டுக்கு முன்னாடியே வெச்சுக்கலாம் சார்" என்றார். அவர் வணிகவியல் மாணவர். அவர் பயம் அவருக்கு.

நான் 1974 முதல் 1977 வரை இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். பிறகு மேற்படிப்பு முடித்து, ஓய்வு பெறும்வரை மருத்துவமனை ஆய்வுக்கூடங்களிலேயே காலம் போனது. ரத்தத்தின் பி.எச். பார்ப்பதுதான் பிழைப்பு. இரண்டாம் ஆண்டில் பத்து மார்க்குக்குப் படித்த ஒரு பாடம் எனக்கு வாழ்நாள் முழுக்கச் சோறு போட்டது. அதனால் அந்தப் பாடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வேறு துறை நண்பர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும். போகப் போகக் கதையும் வரும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலம். செறிவு பத்தின் அடுக்கு –8 மோலார். பி.எச். என்ன?

"எட்டு" என்று சில உதடுகள் அசைவது இங்கிருந்தே தெரிகிறது. சூத்திரம் அப்படித்தான் சொல்கிறது. ஹைட்ரஜன் அயனிச் செறிவுக்கு மடக்கை எடு, குறியை மாற்று, எட்டு. ஆனால் பி.எச். எட்டு என்றால் அது காரம் ஆயிற்றே! அமிலத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது காரமாகிவிடுமா? மோரில் எத்தனை குடம் தண்ணீர் விட்டாலும் நீர்மோர்தான் ஆகும். சுண்ணாம்புத் தண்ணீர் ஆகாது.

சூத்திரம் தண்ணீரைக் கணக்கில் எடுக்கவில்லை. தூய நீரே 25 டிகிரி வெப்பநிலையில் பத்தின் அடுக்கு –7 மோலார் ஹைட்ரஜன் அயனி தருகிறது. நாம் போட்ட அமிலம் தருவதைப் போல் பத்து மடங்கு அது. இரண்டையும் கூட்டிவிட்டால் 6.96 என்று வரும். கிட்டத்தட்ட சரி, முழுச் சரியில்லை. ஏனென்றால் அமிலம் உள்ளே வந்ததும் தண்ணீர் தன் பிரிகையைக் கொஞ்சம் அடக்கிக் கொள்கிறது. கரைசலில் நேர்மின் சுமையும் எதிர்மின் சுமையும் சமமாக இருந்தாக வேண்டும். ஆகவே ஹைட்ரஜன் அயனி = குளோரைடு + ஹைட்ராக்சைடு. இதையும் நீரின் அயனிப் பெருக்கத்தையும் சேர்த்து ஓர் இருபடிச் சமன்பாடு போட்டால், ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1.05 பெருக்கல் பத்தின் அடுக்கு –7 என்று வரும். பி.எச். 6.98. ஏழுக்கு ஒரு மயிரிழை கீழே, அமிலப் பக்கத்தில். அமிலம் அமிலமாகவே இருக்கிறது.

இந்த பி.எச். என்கிற அளவே எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு பீர் கம்பெனியில். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரத்தில் கார்ல்ஸ்பெர்க் மதுவடிப்பாலை நடத்திய ஆய்வுக்கூடத்தில், 1909-இல் சோரன்சென் என்ற வேதியியலாளர் நொதிகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். நொதி நன்றாக வேலை செய்கிறதா இல்லையா என்பது, கரைசலில் மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அமையவில்லை. தனித்து உலவுகிற ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்பதைப் பொறுத்தே அமைகிறது என்று கண்டார். அந்த எண்களோ தசமப் புள்ளிக்குப் பின்னால் ஆறு, ஏழு சுழியம் போட்டு எழுத வேண்டியவை. எழுதிக் கை வலித்திருக்கும்! மடக்கை எடுத்துச் சுருக்கிவிட்டார்.

மொத்த அமிலம் வேறு, உலவும் அமிலம் வேறு. இது பரிசோதனைக் கூடத்தில் நம் கையாலேயே செய்து பார்த்த விஷயம்தான். 0.1 மோலார் அசெட்டிக் அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்து, இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால், அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் கேட்கிற அளவு காரத்தையே இதுவும் கேட்கும். ஆனால் பி.எச். பார்த்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஏறக்குறைய 1, அசெட்டிக் அமிலத்துக்கு 2.87. அசெட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 பெருக்கல் பத்தின் அடுக்கு –5. கணக்குப் போட்டால் ஆயிரம் மூலக்கூறில் பதின்மூன்றுதான் பிரிந்திருக்கிறது. சட்டைப் பையில் பதின்மூன்று ரூபாய், பீரோவில் மீதி ரூபாய். கடன்காரன் வந்து கேட்கக் கேட்க, பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். நடுநிலையாக்கல் என்பது கடன்காரன் வசூல் செய்த மொத்தத் தொகை. பி.எச். என்பது இந்த நிமிடம் பையில் இருப்பது.

அந்த 2.87-க்கு நாம் போடும் சூத்திரம் என்ன? மாறிலியையும் செறிவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. பிரிந்தது மிகக் கொஞ்சம், ஆகவே மொத்தச் செறிவு மாறவில்லை என்று வைத்துக் கொள்வோம் என்பதே அது. ஆயிரத்தில் பதின்மூன்று என்றால் வைத்துக் கொள்ளலாம், தப்பில்லை. இதே சூத்திரத்தைப் பத்தின் அடுக்கு –5 மோலார் அசெட்டிக் அமிலத்துக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் இருக்கிற வீட்டிலிருந்து பதின்மூன்று பேர் வெளியே வருவார்கள்! முறையாக இருபடிச் சமன்பாடு போட்டால் பத்தில் ஏழு பேர் வெளியே வந்திருப்பது தெரியும். பி.எச். 5.15. கால்குலேட்டர் 13-ஐயும் அதே முகத்தோடுதான் காட்டும். அது கேள்வி கேட்காது.

அடுத்தது தாங்கல் கரைசல். நாங்கள் "பஃபர்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு லிட்டர் தூய நீரில் 0.01 மோல் வலிமையான அமிலத்தை விட்டால் பி.எச். ஏழிலிருந்து இரண்டுக்குச் சரிகிறது. அசெட்டிக் அமிலம் 0.1 மோல், சோடியம் அசெட்டேட் 0.1 மோல் கலந்த ஒரு லிட்டரில் அதே அமிலத்தை விட்டால், 4.74 என்பது 4.66 ஆகிறது. அவ்வளவுதான். இதைக் கணக்கிட உதவுகிற உறவை 1908-இல் ஹார்வர்டில் ஹென்டர்சன் சொன்னார். சில ஆண்டுகள் கழித்து அதை மடக்கை வடிவத்தில் எழுதியவர் ஹாசல்பால்க். அவரும் கோபன்ஹேகன்காரரே. பி.எச். சமம் பி.கே.ஏ. கூட்டல் மடக்கை, அந்த மடக்கைக்குள்ளே ஒரு பின்னம். மேலே உப்பு, கீழே அமிலம். பரீட்சையில் இரண்டையும் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடுவார்கள். லாக் டேபிளைப் புரட்டினால் விடை.

நம் ரத்தத்திலும் இதே பின்னம் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே பைகார்பனேட், லிட்டருக்குச் சுமார் 24 மில்லிமோல். கீழே கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. அதன் அழுத்தம் இயல்பாக 40 மில்லிமீட்டர் பாதரசம். அதை 0.03-ஆல் பெருக்கினால் 1.2 மில்லிமோல். 24-ஐ 1.2-ஆல் வகுத்தால் 20. மடக்கை 1.30. இந்தச் சோடிக்கு பி.கே.ஏ. 6.1. கூட்டினால் 7.40. உங்கள் ரத்தம், என் ரத்தம், முதல்வர் ரத்தம், எல்லாவற்றிலும் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இது நிற்க வேண்டும். ஒரு சின்ன இடைச்செருகல்: உடல் வெப்பநிலையில் நடுநிலை என்பது 7 அல்ல, ஏறக்குறைய 6.8. ஆகவே ரத்தம் நாம் நினைப்பதைவிடச் சற்று அதிகமாகவே காரப் பக்கம் நிற்கிறது.

இங்கே கெட்டிக்கார மாணவன் ஒருவன் எழுந்து கேட்பான். "சார், மேலும் கீழும் சமமாக இருந்தால்தானே பஃபர் நன்றாக வேலை செய்யும் என்று படித்தோம்? இருபதுக்கு ஒன்று என்பது மட்டமான பஃபர் ஆயிற்றே?" நியாயமான கேள்வி. மூடிய குடுவையில் இது மட்டமான பஃபர்தான். லிட்டருக்கு 10 மில்லிமோல் அமிலம் ரத்தத்தில் சேர்ந்ததாக வைத்துக் கொள்ளுங்கள். பைகார்பனேட் 24 என்பது 14 ஆகும். அந்தப் பத்தும் கார்பன் டை ஆக்சைடாக மாறிக் கீழே சேரும். 1.2 என்பது 11.2 ஆகும். கணக்குப் போட்டால் பி.எச். 6.2. ஆள் பிழைக்க மாட்டான்.

ஆனால் உடல் மூடிய குடுவை அல்ல. நுரையீரல் என்று ஒரு சன்னல் திறந்தே இருக்கிறது. உண்டான கார்பன் டை ஆக்சைடு மூச்சோடு வெளியே போய்விட்டால், கீழே 1.2 அப்படியே நிற்கும். பி.எச். 7.17. அதோடு உடல் நிற்பதில்லை. மூச்சை வேகப்படுத்தி அழுத்தத்தை 40-லிருந்து 29 வாக்கில் இறக்கிவிடும். இப்போது 7.31. ரத்தத்தில் ஹீமோகுளோபின் முதலிய வேறு பஃபர்களும் உண்டு, அவற்றை இங்கே விட்டுவிட்டேன். ஆனாலும் மேலே இருப்பதைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது, கீழே இருப்பதை மூச்சு பார்த்துக்கொள்கிறது என்பது புரிந்தால் போதும். சிறுநீரகத்துக்கு நாள் கணக்கில் அவகாசம் வேண்டும். மூச்சு நிமிடத்தில் செய்துவிடும். மூச்சு நின்றாலும் நிமிடத்தில் கெடுத்துவிடும்.

இப்போது கதைக்கு வருகிறேன். மறுபடியும் அதே கோபன்ஹேகன். 1952-ஆம் ஆண்டுக் கோடைக்காலம். போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டாம் என்ற தொற்றுநோய் மருத்துவமனைக்கு, உச்சக்கட்டத்தில் நாளுக்கு ஐம்பது பேர் வரை வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். பலருக்கு மூச்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்துவிட்டன. மருத்துவமனையில் இருந்ததோ, உடலை உள்ளே வைத்து மூடும் இரும்புத் தொட்டிச் சுவாசக் கருவி ஒன்று, மார்பின் மேல் கவசம்போல் மாட்டும் கருவிகள் ஆறு. இவற்றில் வைத்துச் சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

ரத்தம் ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. அந்த நாளில் வழக்கமாக அளந்தது ரத்தத்தில் உள்ள மொத்தக் கார்பன் டை ஆக்சைடை. அதில் பெரும்பகுதி பைகார்பனேட்டாகவே இருக்கும். எண் உயர்ந்து வந்தது. பைகார்பனேட் உயர்ந்தால் என்ன அர்த்தம்? காரம் மிகுந்துவிட்டது என்று பொருள் கொண்டார்கள். காரணம் தெரியாத ஏதோ ஒரு காரமிகை நோய், போலியோவோடு சேர்ந்து வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். பரிசோதனை பிசகவில்லை. அளந்த எண்ணும் சரியானதே. பின்னத்தின் மேல் எண் மட்டும் கையில் இருந்தது. கீழே இருப்பது இயல்பாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் மனத்துக்குள் போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

நாமே போட்டுப் பார்ப்போம். இவை நோயாளிகளின் எண்கள் அல்ல, நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. பைகார்பனேட் 33. கீழே அழுத்தம் 40 என்றால் 1.2. வகுத்தால் 27.5. பி.எச். 7.54, காரமிகை. சரி. அதே 33. ஆனால் மூச்சு போகாமல் அழுத்தம் 110-க்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். கீழே 3.3. வகுத்தால் 10, மடக்கை 1. பி.எச். 7.10! கடுமையான அமிலமிகை. மேலே இருப்பது ஒரே எண். ஒருவனுக்குக் காரம், ஒருவனுக்கு அமிலம். சிகிச்சையோ நேர் எதிர்.

இதைப் பிடித்தவர் பியோன் இப்சென் என்ற மயக்க மருந்து நிபுணர். அறுவை அறையில், மூச்சு சரியாகப் போகாத நோயாளிக்கு என்னென்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர். ஆகஸ்ட் கடைசியில் அவரை ஆலோசனைக்கு அழைத்தார்கள். இது காரமிகை நோய் இல்லை, கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தேங்கிவிட்டது, இவர்களுக்குக் காற்று போதவில்லை என்றார். 1952 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்திக் காட்டினார். முதலில் அவள் திமிறினாள், நிலைமை மோசமாயிற்று. பிறகு மருந்து கொடுத்து அடக்கி, காற்று சீராகப் போகத் தொடங்கியதும் தேறினாள். ஆய்வுக்கூடத் தலைவர் போல் ஆஸ்ட்ரப், ரத்தத்தின் பி.எச்.-ஐ மின்முனை வைத்து நேராகவே அளந்தார். அமிலப் பக்கம்தான் காட்டியது.

சமன்பாட்டில் மூன்று இடம். பி.எச்., மேல் எண், கீழ் எண். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக விழுந்துவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. இது பிளெக்டாம் மருத்துவர்களுக்குத் தெரியாத வேதியியல் அல்ல. அவர்கள் ஊரிலேயே எழுதப்பட்ட சமன்பாடு அது. இருந்தும் நடந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நாளுக்கு ஐம்பது குழந்தைகள் வந்து குவிகிற இடத்தில், கைக்கு வந்த எண்ணைத்தான் மனிதன் நம்புவான்.

அப்புறம் இன்னொரு சிக்கல். பையை யார் அமுக்குவது? இத்தனை பேருக்கு இயந்திரம் கிடையாது. மருத்துவக் கல்லூரி மாணவர்களை அழைத்தார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக, கட்டில் ஓரம் உட்கார்ந்து கையால் பையை அமுக்கிக் குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். ஒரே சமயத்தில் எழுபது பேருக்கு இப்படிக் கையாலேயே மூச்சு ஓடிய நாட்களும் உண்டு. தம்பி தங்கைகளே, அவர்கள் உங்கள் வயதுக்காரர்கள். இறப்பு விகிதம் பெரிதும் குறைந்தது. இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிற தீவிர சிகிச்சைப் பிரிவு அந்த வார்டுகளிலிருந்து வளர்ந்ததே.

ஆஸ்ட்ரப் அதோடு விடவில்லை. கீழ் எண்ணை அன்று நேராக அளக்க வசதியான கருவி இல்லை. அதனால் 1950-களின் நடுவில் ஓர் அழகான உபாயம் செய்தார். முதலில் ரத்தத்தின் பி.எச்.-ஐ உள்ளபடி அளப்பது. பிறகு அதே ரத்தத்தை, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் தெரிந்த இரண்டு வாயுக் கலவைகளோடு தனித்தனியே குலுக்கி, இரண்டு முறையும் பி.எச். பார்ப்பது. அழுத்தத்தின் மடக்கையை ஓர் அச்சிலும் பி.எச்.-ஐ மற்றோர் அச்சிலும் குறித்தால் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். சேர்த்தால் நேர்கோடு. முதலில் அளந்த பி.எச். அந்தக் கோட்டில் எங்கே விழுகிறதோ, அங்கே நோயாளியின் அழுத்தத்தைப் படித்துக் கொள்ளலாம். ஹாசல்பால்க் மடக்கை எடுத்து எழுதியது அங்கே பயன்பட்டது. லாக் டேபிளைப் பார்த்து எரிச்சல்பட்ட என் வகுப்புத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

இப்போது கருவி எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. பி.எச்.-ஐயும் அழுத்தத்தையும் அது அளக்கிறது. பைகார்பனேட்டை அளப்பதில்லை, இதே சமன்பாட்டால் கணக்கிட்டுத்தான் போடுகிறது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். ஊசிக்குழலில் ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டால் கார்பன் டை ஆக்சைடு அதற்குள் தப்பித்துப் போகும், பி.எச். ஏறும். ரத்தத்தை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், ரத்த அணுக்கள் சும்மா இருக்காமல் சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்கும், பி.எச். இறங்கும். அச்சான தாள் இரண்டையும் ஒரே மாதிரி, மூன்று தசம இடம் வரை துல்லியமாகக் காட்டும். "எண் வந்துடுச்சு சார்" என்று ஓடி வருவார்கள். "வரட்டும்ப்பா, குழலைக் காட்டு" என்பேன்.

மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீரிழிவு முற்றி ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்ட ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருகிறார். பைகார்பனேட் 12. கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 40. பி.எச். என்ன என்று கண்டுபிடிப்பது இரண்டு வரி வேலை. 12-ஐ 1.2-ஆல் வகுத்தால் 10, ஆகவே 7.10. அது கேள்வியே இல்லை. அழுத்தம் 40 என்பது இயல்பான எண், தாளில் அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறிகூட விழாது. இருந்தும் தாளைப் பார்த்த மருத்துவர் பி.எச்.-ஐ விட்டுவிட்டு அந்த 40-ஐப் பார்த்துத்தான் எழுந்து ஓடுகிறார். ஏன்? நான் மாலை வரை துறையில்தான் இருப்பேன், வந்து சொல்லுங்கள்.